ஸ்கூல் விக்கியின் அடித்தளம்: பதிப்பு மாற்றமும் தரவுத்தள வேகமும்

கேரளத்தின் ‘ஸ்கூல் விக்கி’, அந்த மாநிலத்துப் பள்ளிகளைப் பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி எழுதும் இணையக் களஞ்சியம். 15,000 பள்ளிகளுக்குமேல் இதில் பக்கம் உண்டு. 2009இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் தொடங்கப்பட்டது. அத்திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியபின் அந்நிறுவனமே நடத்திவருகிறது. பாலக்காடு மாவட்டத்தின் வாளையார், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ் புழங்கும் எல்லைப் பகுதிகள். தமிழ்வழிப் பள்ளிகள் உள்ள இடங்கள். ஆகவே களஞ்சியம் பெரும்பாலும் மலையாளத்தில் இருந்தாலும், அதன் தரவுத்தளத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு எழுத்துமுறைகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

களஞ்சியத்தை இயக்குவது மீடியாவிக்கி. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருள். இது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. எழுதப்படுவதையெல்லாம் மைஎஸ்க்யூஎல் அல்லது அதன் கிளையான மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. இவை இரண்டுக்கும் கீழே லினக்ஸ் இயங்குதளம். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது கோரிக்கை இந்த அடுக்குகள் அத்தனையையும் கடந்து போய் வருகிறது. எந்த அடுக்கு பழசானாலும் தளம் முழுதும் பழசாகிறது. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றவற்றையும் தொட வேண்டிவருகிறது.

மீடியாவிக்கி ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. அவற்றில் இரண்டாண்டுக்கு ஒன்று நீண்டகால ஆதரவுப் பதிப்பு: 2018இல் 1.31, 2020இல் 1.35, 2022இல் 1.39, 2024இல் 1.43. நீண்டகாலம் என்பது மூன்றாண்டு. அதற்குப்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. பிஎச்பியும் தன் போக்கில் நகர்கிறது. 1.35 இயங்க பிஎச்பி 7.3 போதும்; 1.43க்கு 8.1 வேண்டும். பிஎச்பி 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. பள்ளிகள் எழுதும் தளத்தில் யார் வந்து என்ன மாற்றினார்கள் என்ற வரலாறு முழுதும் சேமிக்கப்பட்டிருக்கிறது, கடவுச்சொற்களின் சுருக்கங்களும் இருக்கின்றன. திருத்தம் நின்றுபோன மென்பொருளில் இதை வைத்திருப்பது ஆபத்து.

பல ஆண்டு தொடாமல் விட்ட தளத்தை ஒரே தாவலில் புதிய பதிப்புக்குக் கொண்டுபோக முடியாது. 1.36 முதல், முந்தைய இரண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலிருந்து மட்டுமே நேரடி மாற்றத்துக்கு மீடியாவிக்கி உத்தரவாதம் தருகிறது. 1.27இல் நிற்கும் தளம் முதலில் 1.35க்கு வர வேண்டும், பிறகே 1.39க்கு. ஒவ்வொரு படிக்கும் அதற்கு ஒத்த பிஎச்பி பதிப்பு வேண்டும் என்பதால், நடுப்படிக்கென்று தற்காலிகச் சர்வர் ஒன்றை எழுப்புவது வழக்கம். எளிய வேலையல்ல; ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட படிகள்தான் கூடும்.

படிகள் ஏன் தேவைப்படுகின்றன என்பது தரவுத்தளத்தின் உள்ளே பார்த்தால் புரியும். மீடியாவிக்கியின் நிரலை மாற்றுவது கோப்புகளை மாற்றுவதோடு முடிந்துவிடும். தரவு அப்படியல்ல. பழைய பதிப்புகளில் திருத்த அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் திருத்தியவரின் பெயர் முழுதாக எழுதப்பட்டிருந்தது. ஒருவர் 2,000 முறை திருத்தினால் அவர் பெயர் 2,000 இடத்தில் கிடக்கும். 1.31இல் தொடங்கிய மாற்றத்தில் பெயர்களுக்கென்று தனி அட்டவணை வந்தது. திருத்த வரியில் ஓர் எண் மட்டும் நிற்கிறது. திருத்தச் சுருக்கங்களும் இதேபோல் தனி அட்டவணைக்குப் போயின. 1.39இல், பல பக்கங்களில் செருகப்படும் பொது அச்சுகளான வார்ப்புருக்களின் தொடர்புகளுக்கு முறை வந்தது: எந்தப் பக்கம் எந்த வார்ப்புருவைப் பயன்படுத்துகிறது என்ற பட்டியலில் வார்ப்புருவின் பெயரை வரிக்கு வரி எழுதாமல் எண்ணால் குறிக்கிறார்கள். பள்ளி விவரப் பெட்டி ஒன்று 15,000 பக்கங்களில் இருந்தால், 15,000 முறை எழுதப்பட்ட பெயர் ஒரே ஒருமுறை எழுதப்படுகிறது. அட்டவணை சிறுத்தால் நினைவகத்தில் அதிகப் பகுதி அடங்கும். வேகத்தின் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. மேம்படுத்தலோடு வரும் ‘அப்டேட்’ நிரல் இந்த இடமாற்றத்தைச் சிறுசிறு தொகுதிகளாகச் செய்கிறது. வரிகள் லட்சக்கணக்கில் இருந்தால் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

வரிகளில் இருக்கும் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ், மலையாளக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. மீடியாவிக்கியில் ஒரு பக்கத் தலைப்பு 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் அதிகபட்சம் 85 குறிகள். உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள், புள்ளியும் ஒரு குறி. ‘கொழிஞ்சாம்பாறை’ என்ற ஊர்ப்பெயரில் 14 குறிகள், 42 பைட்டு. தாராளம்போலத் தோன்றும். ஆனால் ஸ்கூல் விக்கியில் பள்ளியின் பெயர், அதன்பின் சாய்கோடு, திட்டத்தின் பெயர், இன்னொரு சாய்கோடு, மாணவரின் படைப்புத் தலைப்பு என்று துணைப் பக்கங்கள் நீளும். 2020 ஊரடங்கில் மாணவர்களின் எழுத்துகளைத் திரட்டிய ‘அக்ஷரவ்ருக்ஷம்’ திட்டத்தின் பெயர் மட்டுமே மலையாளத்தில் 33 பைட்டு. நீளமான பள்ளிப் பெயரும் நீளமான கவிதைத் தலைப்பும் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். மாநிலப் பள்ளிகளுக்குக் கொடுத்துள்ள ஐந்திலக்கக் குறியீட்டெண்ணுக்கு ஐந்தே பைட்டுகள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இதைவிடச் சிக்கலான கதை எல்லை ஊர்களின் கடைசி எழுத்தில் இருக்கிறது. மூணாறு, மறையூர், சின்னாறு, சித்தூர், வாளையார் ஆகிய எல்லாப் பெயர்களும் மலையாள எழுத்தில் ‘ர்’ என்ற சில்லெழுத்தில், அதாவது உயிர் சேராத மெய்யின் தனி வடிவத்தில், முடிகின்றன. 2008இல் வெளிவந்த யூனிகோடு 5.1 வரை அந்தச் சில்லெழுத்துக்குத் தனிக் குறி கிடையாது. ‘ர’, அதன்மேல் சந்திரக்கலை, பின்னால் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி என மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். 5.1இல் ஒற்றைக் குறி வந்தது. ஆகவே மலையாளத்தில் எழுதிய ‘மூணாறு’ பழைய முறையில் 27 பைட்டு, புதிய முறையில் 21 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒருவர் பழைய விசைப்பலகையில் உருவாக்கிய பக்கத்துக்கு இன்னொருவர் புதிய விசைப்பலகையில் இணைப்புக் கொடுத்தால், அது இல்லாத பக்கத்துக்கான சிவப்பு இணைப்பாக வரும். பெயரைத் தேடினால் கிடைக்காது. புதிதாகத் தொடங்கினால் ஒரே பள்ளிக்கு இரண்டு பக்கம் உருவாகும்.

யூனிகோடில் ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்க முறை ஒன்று உண்டு. மீடியாவிக்கி உள்ளே வரும் எழுத்தையெல்லாம் அதில் வடிகட்டுகிறது. தமிழில் ‘கொ’வை ஒகரக் குறி ஒன்றால் எழுதினாலும், முன்னால் எகரக் குறியும் பின்னால் காலும் போட்டு எழுதினாலும் வடிகட்டியபின் ஒன்றாகிவிடும், கொழிஞ்சாம்பாறைக்கு இந்த வகையில் பிரச்சினை இல்லை. மலையாளச் சில்லெழுத்தின் இரு வடிவங்களையோ யூனிகோடு சமமென்று ஏற்கவில்லை. தமிழ் ‘ஸ்ரீ’க்கும் இதே நிலை: முதல் மெய்யை இரண்டு வேறு குறிகளால் எழுத முடியும், இரண்டும் சமமாக்கப்படுவதில்லை. ஸ்ரீ என்று தொடங்கும் பள்ளிப் பெயர்களுக்கு இரு மாவட்டத்திலும் பஞ்சமில்லை. மலையாளச் சிக்கலுக்காக மீடியாவிக்கி 1.17இல் பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றும் அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. புதிதாக வரும் எழுத்தை அது சரிசெய்யும். ஏற்கெனவே உள்ளே கிடக்கும் தலைப்புகளுக்குத் துப்புரவு நிரலைத் தனியே ஓட்ட வேண்டும். பதிப்பு மாற்றத்தின்போது இதைச் செய்யாமல் விட்டால், பழைய குழப்பம் அப்படியே புதிய சர்வரிலும் குடியேறும்.

அகரவரிசையும் இந்தக் கணக்கில் சேரும். மீடியாவிக்கி உரையை வெறும் பைட்டுகளாகச் சேமிப்பதால், தனியே சொல்லாவிட்டால் குறி எண்களின் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ‘ற’ முன்னும் ‘ல’ பின்னுமாக இருக்கின்றன. தமிழ் அகராதியில் ‘ல’ முன், ‘ற’ பின். ஆகவே பக்கங்களை வகைப்படுத்தும் ஒரு பகுப்பில் மறையூர் முதலிலும் மலம்புழா அடுத்தும் வரும். தமிழ் வாசகருக்கு இது தலைகீழ். மொழிக்கேற்ற வரிசையை இயக்கினால் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரிசைத் திறவுகோல் கணக்கிட்டுச் சேமிக்கப்படும். அந்தக் கணக்கைப் போடுவது இயங்குதளத்தோடு வரும் ஐசியு என்ற நூலகம். இயங்குதளத்தைப் புதுப்பித்தால் ஐசியு மாறும், திறவுகோல்களும் மாறும். பழைய கணக்கில் பாதி, புதிய கணக்கில் பாதி என்று பட்டியல் குலையாமலிருக்க எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். பதிப்பு மாற்றத்தில் எளிதில் விட்டுப்போகும் வேலைகளில் இது ஒன்று.

இனி வேகம். மெதுவான தளத்தைக் கண்டதும் அலுவலகங்கள் முதலில் கேட்பது பெரிய சர்வர். பெரும்பாலும் அது கடைசியில் தேவைப்படுவது, சில சமயம் தேவையே படாதது. முதலில் செய்ய வேண்டியது அளப்பது. மைஎஸ்க்யூஎல்லில் மெதுவான வினவல்களைப் பதியும் ஏடு உண்டு. இயல்பமைப்பில் அது அணைந்தே இருக்கும். இயக்கினாலும் பத்து விநாடிக்கு மேல் எடுத்ததை மட்டுமே எழுதும். பத்து விநாடி காத்திருக்கும் ஆசிரியர் யாரும் இல்லை என்பதால் வரம்பை ஒரு விநாடிக்குக் குறைத்துவிட்டு ஒரு வாரம் விட்டால், எந்த வினவல் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். அதன்பின் ‘எக்ஸ்பிளெயின்’ கட்டளை. அந்த வினவலுக்கு எத்தனை வரிகளைப் படிக்கப்போகிறது, எந்த இண்டெக்ஸைக் கையாளும் என்று தரவுத்தளமே சொல்லும்.

இண்டெக்ஸ் என்பது நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்றது. அது இல்லாவிட்டால் பத்து லட்சம் வரியுள்ள அட்டவணையை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். இருந்தால், 16 கிலோபைட்டு கொண்ட துண்டுகள் மூன்று நான்கைப் படித்தாலே தேடிய வரிக்குப் போய்ச் சேரலாம். ஒவ்வொரு துண்டிலும் நூற்றுக்கணக்கான கிளைகள் பிரிவதால் மூன்றடுக்கில் பல லட்சம் வரிகள் அடங்கிவிடும். ஆனால் இண்டெக்ஸ் எந்த வரிசையில் கட்டப்பட்டதோ அந்த வரிசையில்தான் உதவும். பகுப்பு, பிறகு நேரம் என்று கட்டிய இண்டெக்ஸ், ‘இடுக்கி மாவட்டப் பகுப்பில் கடைசியாகச் சேர்ந்த பத்து’ என்ற கேள்விக்கு நொடியில் விடை தரும். ‘இடுக்கியிலும் இருக்க வேண்டும், கவிதையாகவும் இருக்க வேண்டும், அவற்றில் கடைசிப் பத்து’ என்று இரண்டு பகுப்பை வெட்டிப் பார்க்கச் சொன்னால் ஒற்றை இண்டெக்ஸ் போதாது. இரண்டு நீண்ட பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டு அதன்பின் வரிசைப்படுத்த வேண்டும்.

இந்த வெட்டுவினவல் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு விக்கிமீடியாவிலேயே சான்று இருக்கிறது. அங்கே ‘டைனமிக் பேஜ் லிஸ்ட்’ என்ற நீட்சி, அதாவது மீடியாவிக்கியோடு சேர்க்கும் கூடுதல் நிரல், இதைத்தான் செய்தது. சிறிய விக்கிகளில் யாரும் கவனிக்கவில்லை. 2021 ஜூலையில் ரஷ்ய விக்கிசெய்திகளில் தானியங்கி ஒன்று செய்திகளைக் குவியல் குவியலாக ஏற்றியது. பக்கங்கள் பெருகப் பெருக வெட்டுவினவல்கள் தரவுத்தளச் சர்வர்களை நிரப்பி, பிற விக்கிகளையும் திணறடித்தன. ரஷ்ய விக்கிசெய்திகளில் அந்த நீட்சி நிறுத்தப்பட்டது. மாவட்டம், வகுப்பு, படைப்பு வகை என்று பகுப்புகளை அடுக்கும் பள்ளிக் களஞ்சியங்கள் கவனிக்க வேண்டிய நிகழ்வு இது. மாற்று எளிது: அந்தப் பட்டியல்களை மணிக்கொருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்வது. ஒரு மணி நேரப் பழைய பட்டியலால் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது நினைவகம். இன்னோடிபி என்ற சேமிப்பு முறை, அடிக்கடி கேட்கப்படும் துண்டுகளை ‘பஃபர் பூல்’ என்ற இடத்தில் வைத்துக்கொள்கிறது. வட்டிலிருந்து படிப்பதைவிட அங்கிருந்து படிப்பது பல மடங்கு வேகம். இயல்பமைப்பில் அதன் அளவு 128 மெகாபைட்டு. 16 ஜிகாபைட்டு நினைவகமுள்ள புதிய சர்வரை வாங்கிவைத்து இந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டால், தரவுத்தளம் 128 மெகாபைட்டிலேயே காலம் தள்ளும். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய கணினியில் முக்கால் பங்கு நினைவகத்தை இதற்குத் தருவது நடைமுறை.

தேடலுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2010இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.5இல் இன்னோடிபி இயல்பு முறையானது. அதற்கு முந்தைய மையிசாம் முறையில் ஒருவர் எழுதும்போது அட்டவணை முழுதும் பூட்டப்படும். மீடியாவிக்கியின் தேடல் அட்டவணை அந்தப் பழைய முறையிலேயே நீண்டகாலம் இருந்தது. மேலும், உள்ளமைந்த தேடல் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் எட்டு ஆங்கில எழுத்துகளாக மாற்றிச் சேமிக்கிறது. மைஎஸ்க்யூஎல்லோ இயல்பமைப்பில் 84 எழுத்துக்கு மேற்பட்ட சொல்லைத் தேடல் பட்டியலில் சேர்ப்பதில்லை. மறையூர் ஏழு குறி, 56 எழுத்து, தேடினால் கிடைக்கும். கொழிஞ்சாம்பாறை 14 குறி, 112 எழுத்து. பக்கம் இருந்தாலும் தேடலில் அகப்படாது. ஒட்டிச் சொல்லாக்கும் மொழிகளில் இது சின்னக் குறையல்ல. விக்கிப்பீடியா செய்ததுபோல் தேடலை எலாஸ்டிக்சர்ச் என்ற தனி மென்பொருளுக்கு மாற்றுவதே தீர்வு; தரவுத்தளத்தின் சுமையும் அதோடு இறங்கும்.

படிக்கவருபவர்களின் சுமையைக் கேச் தாங்குகிறது. விக்கி உரையை ஒருமுறை பக்கமாக்கி வைத்துவிட்டால் அடுத்தவருக்குத் தரவுத்தளத்தைத் தொடாமலே தரலாம். புகுபதிந்தவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு; அவர்களின் கோரிக்கை ஒவ்வொன்றும் பிஎச்பி வரை போகும். பிஎச்பியின் வேகம் அங்கே முக்கியம். 2014இல் விக்கிமீடியா, ஃபேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம் என்ற வேகமான இயக்கிக்கு மாறியது. சர்வர்களின் செயலிச் சுமை ஏறத்தாழ 50 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த அரையாண்டில் ஒரு திருத்தத்தைச் சேமிக்க ஆகும் இடைநிலை நேரம் 7.5 விநாடியிலிருந்து 2.5 விநாடியாகக் குறைந்தது. பின்னர் எச்எச்விஎம் பிஎச்பியைக் கைவிட, பிஎச்பி 7 அதற்கு ஈடான வேகத்தை எட்டியிருந்ததால் 2019இல் விக்கிமீடியா பிஎச்பிக்கே திரும்பியது. சிறிய தளத்துக்கு இதில் உள்ள செய்தி: பிஎச்பி 5இலிருந்து 7க்கோ 8க்கோ வந்தாலே, வேறெதையும் தொடாமல் கணிசமான வேகம் கிடைக்கும்.

எழுதும் சுமைக்குக் கேச் உதவாது. அக்ஷரவ்ருக்ஷத்தில் 50,000க்கும் மேற்பட்ட படைப்புகள் சில வாரங்களில் சேர்ந்தன. ஒரு கவிதை ஏறினால் பக்க அட்டவணையில் ஒரு வரி, திருத்த அட்டவணையில் ஒரு வரி, உரைக்கு ஒன்று, ஒவ்வொரு பகுப்புக்கும் வார்ப்புருவுக்கும் ஒன்று, அண்மைய மாற்றங்களில் ஒன்று, தேடல் அட்டவணையில் ஒன்று. உடனடியாகச் செய்யத் தேவையில்லாதவை வேலைவரிசையில் காத்திருக்கும். 15,000 பக்கங்களில் உள்ள வார்ப்புருவில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் 15,000 பக்கங்களைத் திரும்ப ஆக்கும் வேலைகள் வரிசையில் நிற்கும். பக்கத்துக்கு ஒரு விநாடி என்றாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல். இயல்பமைப்பில் மீடியாவிக்கி இந்த வேலைகளை வாசகரின் கோரிக்கைகளோடு ஒன்றொன்றாக ஒட்டி முடிக்கப் பார்க்கிறது. மறையூரில் இரண்டு கோடு சிக்னலில் பக்கம் திறக்கக் காத்திருப்பவரின் கோரிக்கையோடு வேறெங்கோ நடந்த திருத்தத்தின் வேலையும் ஓடுகிறது என்பது நியாயமல்ல. இதை அணைத்துவிட்டு, வேலைவரிசைக்கென்று தனிச் செயல்முறை ஓடவிடுவது அமைப்புக் கோப்பில் ஒரு வரி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் நேரக்குறிப்பானில் ஒரு வரி.

மாற்றம் நடக்கும் நாளுக்கு முன்பே ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். காப்புநகலை வேறொரு கணினியில் விரித்து, அதில் அப்டேட் நிரலை முழுதும் ஓட்டி, எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த நீட்சி உடைகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். விரித்துப் பார்க்காத காப்புநகலைக் காப்புநகல் என்று எண்ணக்கூடாது. இன்னோடிபி அட்டவணைகளைத் தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே கணத்தின் நிலையில் நகலெடுக்க முடியும்; மையிசாம் அட்டவணைகளுக்கு அந்த உறுதி இல்லை. படங்கள் தரவுத்தளத்தில் இல்லை, தனிக் கோப்புறையில் இருக்கின்றன; அவற்றுக்கு வேறு நகல்.

அந்த நாளில் தளத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வைக்கிறார்கள். பக்கங்கள் திறக்கும், சேமிக்க முயன்றால் காரணத்தோடு ஓர் அறிவிப்பு வரும். விக்கிமீடியா 2016 ஏப்ரலில் தன் சர்வர் மையத்தை வர்ஜீனியாவிலிருந்து டெக்சாசுக்கு முதன்முறை மாற்றிப் பார்த்தபோது படிக்க மட்டும் நிலை முக்கால் மணி நேரம் அளவுக்கு நீடித்தது. திரும்பத் திரும்பப் பயின்றபின் அது சில நிமிடமாகச் சுருங்கியது. பள்ளித் தளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போதும், தேர்வு முடிவு வாரமாக இல்லாதவரை.

புதிய சர்வரில் முதலில் சரிபார்ப்பது வரிகளின் எண்ணிக்கை: பக்கம், திருத்தம், பயனர் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு சில்லெழுத்தில் முடியும் தலைப்புகள் சில, ஸ்ரீயில் தொடங்கும் தலைப்புகள் சில, ஒரு நீளமான துணைப்பக்கம், ஒரு பகுப்பின் வரிசை, ஒரு படப் பதிவேற்றம். இவை சரியென்றால் எழுதும் வசதி திறக்கப்படுகிறது. அதுவரை எந்தத் தவறு நேர்ந்தாலும் பெயர்முகவரியைப் பழைய சர்வருக்குத் திருப்பிவிட்டால் போதும். முதல் ஆசிரியர் முதல் திருத்தத்தைச் சேமித்தபின் அது இயலாது. புதிய அட்டவணை அமைப்பில் ஏறிய வரியைப் பழைய அமைப்புக்குக் கொண்டுபோகும் நிரலை மீடியாவிக்கி தருவதில்லை. பழைய சர்வரைச் சில வாரம் அணைக்காமல் வைத்திருப்பது ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே.